34 மாதங்களும் 11 நாள்களும்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில், காணி உறுதிகளுக்கும் அம்மாவின் கிளினிக் கொப்பிகளுக்கும் நடுவே, என் கடற்சேவைப் புத்தகம் கிடக்கிறது. கப்பலின் பெயர், பதவி, ஏறிய நாள், இறங்கிய நாள், கப்டனின் கையொப்பம், முத்திரை. நான்கு கப்பல்கள், நான்கு வரிகள். மிச்சப் பக்கங்கள் எல்லாம் வெறுமை.

கப்பலில் வேலை செய்கிறவர்கள் தங்கள் சேவையை வருடக் கணக்கில் சொல்வதில்லை. மாதமும் நாளுமாகத்தான் சொல்வார்கள். அடுத்த பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் கடலில் கழிக்க வேண்டும் என்பதே எல்லோருக்கும் ஓயாத கணக்கு. என்னுடையது 34 மாதங்களும் 11 நாள்களும். அதில் 18 மாதம் கேடட், மீதி மூன்றாம் அதிகாரி.

கலியாண வீடுகளில் இன்னமும் யாராவது கேட்பார்கள்: "கப்பலில் இருந்தவரல்லவா, ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள்?" ஆளுக்கு ஏற்றபடி மூன்று பதில்கள் வைத்திருக்கிறேன். அம்மா தனியே இருந்தார் என்பது வயதானவர்களுக்கு. சம்பளம் பிந்தியது என்பது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பது மற்ற எல்லோருக்கும். மூன்றும் முழுப் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணத்தைப் பந்திக்கு இலை போடுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வல்வெட்டித்துறையான். எங்கள் ஊரில் கடலைப் பற்றி யாரும் பெருமை பேசத் தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் 'அன்னபூரணி' வந்துவிடும். எங்கள் கரையில் வேப்ப மரத்தில் கட்டிய பாய்க்கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்ட, எங்கள் ஊர் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் விட்டார்கள். சின்ன வயதில் நூறு தடவை கேட்ட கதை. தாத்தாவின் தலைமுறையில் புகையிலை ஏற்றி மலையாளக் கரைக்குப் போனார்கள், ரங்கூனிலிருந்து அரிசி கொண்டுவந்தார்கள். என் தலைமுறைக்கு வந்தபோது அந்தக் கடலில் எதுவரை போகலாம், எத்தனை மணிக்குள் திரும்பலாம் என்பதெல்லாம் வேறு யாரோ தீர்மானிக்கிற விடயமாகிவிட்டது. வீட்டு முற்றத்திலிருந்து அலைச் சத்தம் கேட்கும். ஆனால் பதினெட்டு வயதுவரை நான் கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேல் போனதில்லை.

கடலுக்குள் போனது சித்தப்பாதான். எனக்குக் காற்றுகளின் பெயரைச் சொல்லித் தந்ததும் அவர்தான். வாடை, சோழகம், கச்சான், கொண்டல். காற்றின் பெயரே திசையின் பெயரும். கிழக்கே ஒரு படகு நின்றால் "கொண்டல் பக்கம் நிற்கிறது" என்பார். கைமுட்டியை நீட்டி வானத்தை அளக்கவும் அவரே பழக்கினார். வடக்கே பார்த்து நின்று, கடல் விளிம்பில் முட்டியை வைத்தால், முட்டிக்கு மேலே துருவ நட்சத்திரம் நிற்கும். அதன் உயரம் ஏறக்குறைய ஒருவர் நிற்கும் இடத்தின் அகலாங்கு என்பதும், எங்கள் ஊர் பத்துப் பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்பதும், நீட்டிய கையின் முட்டி பத்துப் பாகையை மறைக்கும் என்பதும் பல வருடம் கழித்து வகுப்பில் படித்தபோதுதான் விளங்கியது. சித்தப்பாவுக்குப் பாகை தெரியாது. முட்டி தெரியும்.

உயர்தரத்தில் கணிதம் படித்தேன். 1999இல் நெல்லியடியில் ஒரு கொட்டில் ரியூட்டரி. இணைந்த கணிதத்தில் சார்பு வேகம் என்று ஒரு பாடம். A என்னும் கப்பல் வடக்கு நோக்கி இவ்வளவு வேகத்தில் போகிறது, B என்னும் படகு கிழக்கு நோக்கி இவ்வளவு வேகத்தில் போகிறது, இரண்டுக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரம் என்ன? B நிற்பதாக வைத்துக்கொண்டு, A-இன் சார்புப் பாதையை வரைந்து, செங்குத்து இறக்கினால் விடை. எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். கடற்கரையில் பிறந்தும் கடலைக் கரும்பலகையில்தான் பார்த்தேன் என்று அப்பா கேலி செய்வார்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்தது. அந்தப் பாதையால் போன முதற்கூட்டத்தில் நானும் ஒருவன். கொழும்பில் ஒரு கடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கட்டணத்துக்கு அம்மாவின் காப்புகள் போயின. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அம்மா கோபிப்பார்.

முதற்கப்பலில் 2003 செப்டம்பரில் ஏறினேன். கேடட் என்றால் அதிகாரியாகப் பயிலுகிறவன். நடைமுறையில் துரு தட்டுகிறவன். கையில் சுத்தி, காதில் பஞ்சு, தளம் முழுக்கத் துரு. தட்டி, தேய்த்து, செந்நிறப் பூச்சடித்து ஒரு முனையை முடித்துத் திரும்பினால் தொடங்கிய முனை மறுபடியும் துருப்பிடித்திருக்கும். சரக்கு இறக்கிய பின் கிடங்கைக் கழுவுவது அதைவிட மோசம். ஐந்து கிடங்குகள். ஒவ்வொன்றும் எங்கள் அம்மன் கோவில் மண்டபத்தைக் கொண்டுபோய் உள்ளே வைத்து மூடிவிடலாம் என்கிற அளவு. நிலக்கரி ஏற்றிய கிடங்கில் அடுத்த முறை கோதுமை ஏற்ற வேண்டுமென்றால், பரிசோதகர் வெள்ளைக் கையுறையால் சுவரைத் தடவிப் பார்க்கும்போது கறுப்புப் படியக் கூடாது. மூன்று நாள் கழுவுவோம். ஒரு வாரம் வரை எச்சில் கறுப்பாகவே இருக்கும்.

அந்தக் கப்பலில் நான் ஒருவன்தான் தமிழன். பிலிப்பைன்ஸ்காரர்கள் பதினான்கு பேர், மற்றவர்கள் உக்ரைன், இந்தியா, பர்மா. சமையற்காரர் எல்லாவற்றிலும் சீனி போடுவார். அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள் போத்தலை நான் அறையில் ஒளித்து வைத்திருந்தேன். இரண்டாம் மாதத்தில் போசன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். போசன் என்றால் தளத் தொழிலாளர்களின் தலைவர், கேடட்டுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மீன்குழம்பு வைத்தேன். அந்த நாள்களில் துரு தட்டுவதிலிருந்து எனக்கு விலக்கு.

ஆனால் புழுக்கொடியல் கதை அவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. அவுஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போயிருந்தோம். அந்த நாட்டில் விதை, மண், மரம், இலை எது உள்ளே வருவதென்றாலும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். பரிசோதனைக்கு வந்த அதிகாரி என் பெட்டியிலிருந்த பொட்டலத்தை மேசையில் கொட்டினார். மண்ணிறக் குச்சிகள் இருபது. இது என்ன என்று கேட்டார். பனங்கொட்டையைப் புதைத்து, முளைக்கவிட்டு, கிழங்கைப் பிடுங்கி, அவித்து, காயவைத்தது என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் மாறியது. விதை என்றேன், மண் என்றேன், முளை என்றேன். அவர் பயப்படுகிற சொற்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஒரு குச்சியைக் கடித்துக் காட்டினேன், அவர் நம்பவில்லை. இருபதும் மஞ்சள் பைக்குள் போயின. கடித்துக் காட்டியதில் மிஞ்சிய பாதியைக்கூட விடவில்லை.

இரண்டாவது கப்பலில் இருந்தபோது 2004 டிசம்பர் 26 வந்தது. இலங்கைக்குத் தெற்கே, கரையே கண்ணில் படாத ஆழ்கடலில், மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், அரைநாள் வேலை. காலையில் நான் தளத்தில் நின்று மூடிகளின் பூட்டாணிகளுக்கு மசகு பூசிக்கொண்டிருந்தேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஒரு கோப்பைத் தேநீரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வேலை செய்தேன், அது சிந்தவில்லை. இன்றுவரை அந்தக் கோப்பை எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் நான் அதை அங்கே வைத்திருந்த நேரத்தில் ஏதோ ஒரு நிமிடத்தில் அந்த அலை எங்கள் கப்பலுக்கு அடியால் போயிருக்க வேண்டும். ஆழ்கடலில் சுனாமியின் உயரம் ஒரு மீற்றர்கூட இராது, அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும். கப்பலுக்கு ஒன்றும் தெரியாது.

மாலையில்தான் செய்தி வந்தது. முதலில் சுமத்திரா என்றார்கள், பிறகு இலங்கையின் கிழக்கு என்றார்கள், பிறகு எங்கள் வடமராட்சி. செய்மதித் தொலைபேசியில் நிமிடத்துக்கு எவ்வளவு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, கப்டன் அழைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மூன்று நாள் இணைப்புக் கிடைக்கவில்லை. நான்காம் நாள் அப்பாவின் குரல் கேட்டது. வீட்டில் எல்லோருக்கும் சுகம். மணற்காட்டுப் பக்கம் பெரிய அழிவு. சித்தப்பா உயிரோடு இருக்கிறார், வள்ளமும் வலையும் போய்விட்டன. "நீ இருந்த இடத்தில் எப்படி இருந்தது?" என்று அப்பா கேட்டார். தேநீர்க் கோப்பையைப் பற்றி நான் சொல்லவில்லை.

2006இல் மூன்றாம் அதிகாரிக்கான சான்றிதழ் எடுத்தேன். தோளில் ஒரு பொன்னிறக் கோடு. கப்பலில் இரவும் பகலும் நான்கு மணித்தியால முறைகள் உண்டு. காலை எட்டு முதல் பன்னிரண்டு, இரவு எட்டு முதல் பன்னிரண்டு மூன்றாம் அதிகாரியுடையது. அனுபவம் குறைந்தவனுக்குக் கப்டன் விழித்திருக்கும் நேரத்தைக் கொடுப்பது வழக்கம்.

செலுத்தறை கடல் மட்டத்திலிருந்து எட்டு மாடி உயரத்தில், கப்பலின் பின்முனையில் இருக்கும். 190 மீற்றர்க் கப்பல். முன்னால் ஐந்து கிடங்குகள், நான்கு பாரந்தூக்கிகள், அதற்கப்பால் அணியம். அணியத்துக்கு நேர் முன்னாலுள்ள கடற்பரப்பு அங்கிருந்து தெரியாது, கப்பலே மறைக்கும். சர்வதேச விதி இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீற்றர், எது குறைவோ அது. எங்கள் கப்பலுக்கு 380 மீற்றர். அதாவது எங்கள் ஒழுங்கை முழுவதும், அதிலிருக்கும் வீடுகள், வேலிகள், வைரவர் சூலம் உட்பட, கப்பலின் மூக்குக்கு முன்னால் மறைந்து கிடக்கலாம், சட்டப்படி அதில் பிழையில்லை.

நான் போன கப்பல்கள் இலங்கையைப் பல தடவை கடந்தன. ஒரு தடவைகூட என் ஊரைக் காணவில்லை. பாக்கு நீரிணை பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதாது. ஐரோப்பாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவை தெற்கே தெய்வேந்திரமுனையைச் சுற்றிப் போகின்றன. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிறவையும் இலங்கை முழுவதையும் வலம் வந்தே போக வேண்டும். சேதுக் கால்வாயை வெட்டினால் அதில் 400 கடல் மைலுக்கு மேல் மிச்சம் என்று சொல்லி 2005 ஜூலையில் மதுரையில் தொடக்க விழாவும் வைத்தார்கள். கால்வாய் வரவில்லை. ஒரு முறை அப்படித் தூத்துக்குடியில் பாதிச் சரக்கை இறக்கிவிட்டுச் சென்னைக்குச் சுற்றிப் போனபோது, இரவு பத்து மணிக்கு வரைபடத்தில் பார்த்தேன்: பருத்தித்துறை வெளிச்சவீடு நேர் மேற்கே, ஏறக்குறைய 60 கடல் மைல். எந்த வெளிச்சமும் அவ்வளவு தூரம் எட்டாது. கண்காணிப்புக்கு நின்றவனைத் தேநீர் போட அனுப்பிவிட்டு வெளியே போய்க் கைமுட்டியை நீட்டினேன். நட்சத்திரம் அதே உயரத்தில் நின்றது. ஊருக்கு அதைவிடக் கிட்டத்தில் கப்பல் என்னைக் கொண்டுபோனதில்லை.

ஊருக்குக் கொண்டுபோன கப்பல் வேறு. 2006 ஆகஸ்டில் ஏ-9 மூடப்பட்டது. 2007 தொடக்கத்தில் விடுமுறையில் வந்த எனக்கு யாழ்ப்பாணம் போக வழி, திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடிய பயணிகள் கப்பல். பதிவு, காத்திருப்பு, மறுபடி பதிவு. வாடைக் காலம், கடல் புரட்டி எடுத்தது. சிறிய கப்பல் வேறு மாதிரி ஆடும் என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். முல்லைத்தீவுக்கு நேரே வந்தபோது நான் வாந்தி எடுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தேசிக்காய் ஒன்றைக் கீறி முகரத் தந்தார். "தம்பிக்குக் கடல் பழக்கமில்லைப்போல" என்றார். என்ன வேலை என்று கேட்டார். கொழும்பில் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இனி அந்த இரவு.

2007 ஒக்டோபர். நான்காவது கப்பல். இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் நடுக்கடலில் நங்கூரமிட்டு, மிதவைகளிலிருந்து ஒரு வாரமாக நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகிறோம். கொழும்பைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வடமேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். காற்றில்லை. தூரத்தில் மின்னல். 13 கடல் மைல் வேகம், அதாவது நிமிடத்துக்கு 400 மீற்றர். இரவு பத்தே முக்கால்.

இடது முன்புறத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம். ராடாரில் மங்கலாக ஒரு புள்ளி, மூன்று மைலில். நிற்கிறது. மீன்படகு என்று தெரிந்தது. கருவி மிகக் குறைந்த தூரத்தைக் கணக்கிட்டுத் தந்தது, கால் மைலுக்கும் குறைவு. எனக்குக் கருவியே தேவையில்லை, நெல்லியடியில் ஆயிரம் தடவை போட்ட கணக்கு. B நிற்கிறது, A-இன் பாதையைக் கொஞ்சம் விலக்கினால் செங்குத்து நீளும். கப்பலை வலப்பக்கம் 15 பாகை திருப்பினேன். வலப்பக்கம் திருப்புவது பழக்கம், பயிற்சியில் அப்படித்தான் ஊட்டுவார்கள். மிகக் குறைந்த தூரம் மைலில் பத்தில் ஆறு பங்கானது. திருப்தியோடு பதிவேட்டின் பக்கம் திரும்பினேன்.

கப்பல்கள் ஒன்றையொன்று அழைக்கும் வானொலியின் 16ஆம் அலைவரிசை எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். அந்தக் கடலில் அதில் மீனவர்கள் ஓயாமல் பேசுவார்கள், பாடுவார்கள், சண்டை பிடிப்பார்கள். நான் ஒலியைக் குறைத்து வைத்திருந்தேன். யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். நீண்ட நேரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். அது தமிழ் என்பது எனக்கு உறைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. கடலில் இருக்கும்போது என் காது ஆங்கிலத்துக்குத் திறந்து, மற்ற எல்லாவற்றுக்கும் மூடிக்கிடக்கும். தமிழுக்கும்தான்.

ஒலியைக் கூட்டினேன். தூத்துக்குடிப் பேச்சை எழுத்தில் கொண்டுவர எனக்கு வராது. சாரம் இதுதான்: கப்பல்காரர்களே, வலை கிடக்கிறது, வலை கொண்டல் பக்கம் கிடக்கிறது, இந்தப் பக்கம் வாருங்கள்.

கொண்டல் பக்கம். கிழக்கு. உலகத்தில் அந்த நேரம் செலுத்தறையில் நிற்கக்கூடிய மூன்றாம் அதிகாரிகளில் எத்தனை பேருக்கு அது விளங்கியிருக்கும்? எனக்கு விளங்கியது. படகுக்கு வலப்புறம், நான் பாதுகாப்பு என்று திருப்பிய அதே பக்கம், வலை நீண்டு கிடக்கிறது. வானொலியை எடுத்துத் தமிழில் கேட்டேன்: "அண்ணா, வலை எவ்வளவு நீளம்?" ஒரு கணம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு பதில் வந்தது: இரண்டு கிலோமீற்றருக்கு மேல்.

தானியங்கியை விலக்கிச் சுக்கானில் ஆளை நிறுத்தினேன். இடப்பக்கம் திருப்பினால் வலை தப்பலாம். ஆனால் படகு இப்போது இடப்பக்கத்தில் ஒரு மைலுக்கும் குறைவாக இருந்தது. நாற்பதாயிரம் தொன் நிலக்கரியோடு போகும் கப்பல் திரும்பத் தொடங்கவே நேரம் எடுக்கும், திரும்பத் தொடங்கினால் நிறுத்தவும் நேரம் எடுக்கும். ஆட்கள் இருக்கும் படகை நோக்கி அதை வளைக்க என்னால் முடியவில்லை. கப்டனை அழைத்தேன். இரண்டு நிமிடத்தில் செருப்போடு வந்தார். மனிதர்களா என்று கேட்டார். வலை என்றேன். ராடாரைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். "இப்படியே போ" என்றார்.

இப்படியே போனோம். ஒன்றும் நடக்கவில்லை. அதிர்வில்லை, சத்தமில்லை, இயந்திரத்தின் சுற்று மாறவில்லை. சுக்கான்காரன் கடந்துவிட்டோமா என்று கேட்டான். வானொலியில் "அறுந்துவிட்டது" என்று சொன்னது அந்தக் குரல். கத்தவில்லை, எனக்குச் சொல்வதுபோலச் சொன்னது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, போங்கள்" என்றார்.

கப்டனின் கவலை வேறு. அறுந்த வலை சுழலித்தண்டில் சுற்றிக்கொண்டால் அங்கிருக்கும் எண்ணெய்த் தடுப்பு கெடும். தலைமைப் பொறியியலாளரை எழுப்பி எண்ணெய் மட்டம் பார்க்கச் சொன்னார். குறையவில்லை. பதிவேட்டில் எழுத எதுவும் இல்லை என்றார். நியாயமும் எங்கள் பக்கம்தான் இருந்தது. வலை 150 மீற்றருக்கு மேல் நீண்டு கிடந்தால், அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. அவர்கள் காட்டவில்லை. மீன்பிடிப்பில் ஈடுபட்ட படகுக்கு நாங்கள் வழிவிட வேண்டும் என்பதும் விதி, நான் வழிவிட்டேன். ஒலியைக் குறைத்து வைத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தூத்துக்குடியில் எனக்குக் கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. ஐந்து நாளும் கப்பலிலேயே நின்று இறக்குவதைப் பார்த்தேன். சுமைத் தொழிலாளர் ஒருவருக்கு நான் தமிழன் என்று தெரிந்ததும் மறுநாள் ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்து தந்தார். கூம்பு கூம்பாக, வெள்ளை வெள்ளையாக, வாயில் வைத்தால் கரைந்து முந்திரிப் பருப்பு மட்டும் மிஞ்சும். நிலக்கரித் தூளில் நின்றுகொண்டு அதைத் தின்றோம். வலையைப் பற்றிச் சொன்னேன். அவருடைய மைத்துனருக்கும் இப்படி நடந்ததாம், கடனை அடைக்க மூன்று வருடம் பிடித்ததாம். என்னிடம் இருந்த இருநூறு டொலரை எடுத்து, யாரென்று விசாரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பணத்தைத் தொடவில்லை. "எந்தக் கடற்கரையில் போய்த் தேடுவது தம்பி?" என்றார். படகின் பெயரை நான் கேட்டிருக்கவில்லை.

2008 ஜனவரியில் இறங்கினேன். அடுத்த கப்பலுக்கு அழைப்பு வந்தபோது போகவில்லை. வேலையை விடும் முடிவை ஒருநாளும் எடுக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன், மாதங்கள் போயின. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இருந்த என்னைப் பார்த்து, கப்பலே கவிழ்ந்தாலும் அப்படி இருக்கக் கூடாது என்று அம்மா ஏசினார். கப்பல் கவிழ்ந்தால் எந்த உயிர்காப்புப் படகில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன். அந்த நாள்களில் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு, அவரும் பெரும்பாலும் திண்ணையில்தான். சுனாமிக்குப் பிறகு யாரோ கொடுத்த வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. முழுக் கதையையும் கேட்டார். வலையின் கண் எத்தனை விரல் என்று கேட்டார். தெரியாது என்றேன். "இரண்டு கிலோமீற்றர் வலை விரிக்கிறவன் தொங்கலில் ஒரு விளக்குக் கட்டியிருக்க வேண்டும்" என்றார். "நான் கட்டுவேன்." அவர் என்னை ஏசுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். கப்டன் சொன்னதையே அவரும் சொன்னார். சொல்லிவிட்டு, கிழிந்த வலைத் துண்டு ஒன்றை எடுத்து ஊசியில் நூல் கோத்துப் பொத்தத் தொடங்கினார். அன்றைக்கு அந்த வலையால் அவருக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

இப்போது நெல்லியடியில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். நான் படித்த கொட்டில் இருந்த இடத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. சீமெந்துக் கட்டடம், மின்விசிறி, வெண்பலகை. 2023இல் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் விட்டபோது பிள்ளைகள் என்னைத்தான் கேட்டார்கள், எத்தனை மணித்தியாலம், ஆடுமா, வாந்தி வருமா என்று. வரும், தேசிக்காய் கொண்டுபோங்கள் என்றேன்.

சார்பு வேகம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. போன கிழமை A என்னும் கப்பலையும் B என்னும் படகையும் வரைந்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் செங்குத்தை இறக்கி விடை சொன்னாள். சரியான விடை. B-இலிருந்து கிழக்குப் பக்கமாக நான் நீளமாக ஒரு கோடு இழுத்தேன், A-இன் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்படி.

"சேர், அது என்ன?"

"வலை."

"இது பாடத்திட்டத்தில் இருக்கிறதா சேர்?"

இல்லை என்றேன். அவள் கொப்பியில் போட்டிருந்த கோட்டை அழிறப்பரால் அழித்துவிட்டு, அடுத்த கணக்கைத் திருப்பினாள்.